கண்வலிப்பூவும் ஆற்றில் வந்த வேரும்

கத்தி இறங்கியதும் வாசனை எழுந்தது.

மலைமேல் இருந்த எஸ்டேட் அதிகாரிகள் கிளப்பின் நீண்ட மண்டபத்தில், வெள்ளை விரிப்பு போட்ட மேசைக்குப் பின்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு மரவேர். மேசைமேல் வைத்தால் ஒரு பக்கமாக ஆடியது. அடியைக் கொஞ்சம் சீவிவிட்டால் நேராக நிற்கும் என்று, தேயிலைச் செடியைக் கழிக்கிற கவாத்துக் கத்தியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

முதலில் சாம்பல் நிறத் தோல் போயிற்று. அடுத்து வெளுத்த மரம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கியபோது உள்ளே மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறி, ஈரத்தோடு ஒரு வாசனை மூக்கில் ஏறியது. கோயிலில் கும்பிட்டு நின்றபோதும், கல்யாண வீட்டு வாசலில் நுழைந்தபோதும் சின்ன வயதிலிருந்து முகர்ந்த வாசனைதான். சந்தனம்.

வேர் மறையூர்ப் பக்கத்து ஆற்றிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். அன்றைய மலர்க்காட்சிக்குத் தலைமை தாங்க வந்துகொண்டிருந்தவரோ, மறையூர்ச் சந்தனக் காட்டுக்கே வனத்துறை ரேஞ்சர்.

கத்தியைக் கீழே வைத்தேன். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

நடுவால நடுவால வெறுசா

சென்ற வாரம் இந்தப் பகுதியில், மீனாட்சிபுரத்துக்குக் கல்யாண மேடை அலங்காரம் செய்யப் போன கதையை எழுதியிருந்தேன். பெண்ணின் அப்பா தோட்டம் துரவு உள்ள மனிதர். நான் முடித்துவைத்த மேடையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க, இன்னும் பூவு வரோணும்ங்களா? நடுவால நடுவால வெறுசாக் கெடக்குதுங்களே. எங்கூட்டுக் கல்யாணத்துல பூவுக்குப் பஞ்சமின்னு சனம் பேசிப்போடுமுங்க."

அதைப் படித்துவிட்டு எலப்புள்ளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அந்த வெறும் இடத்தை விடுவதற்கு எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார். பதில் சொல்லப் போனால் அந்த வேர்தான் வந்து குறுக்கே கிடக்கிறது.

எழுபதுகளில் நாங்கள் மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். என் அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். நான் பத்தாவது வரை படித்தேன். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. வீட்டுக்காரர் முத்தையா எஸ்டேட் லாரி ஓட்டினார். ஆள் சாது. ஆனால் நான் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. அன்றைக்கு வந்த வினையே அதுதான்.

பூவைப் பிடுங்கிப்போட ஒரு படிப்பு

மேனேஜரின் மனைவியை எஸ்டேட்டில் துரைசாணி என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரர்கள் போய் நம்மவர்கள் வந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. எங்கள் துரைசாணி சென்னைக்காரர். ஜப்பான் முறையில் பூ வைக்க அங்கே யாரிடமோ கற்றுக்கொண்டு வந்திருந்தார். லயம் என்கிற எங்கள் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலில் நான் வளர்த்த டேலியாவைப் பார்த்துவிட்டு, ஒத்தாசைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

முதல் நாள் ஒரு கூடைப் பூவைக் கொடுத்து, "உனக்குத் தோணுற மாதிரி வை, பார்ப்போம்" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்கு அம்மாவோடு உட்கார்ந்து மாலை கட்டியதுதான். நடுவில் நார் தெரிந்தால் அம்மாவின் முழங்கை விலாவில் இடிக்கும். அந்தப் பழக்கத்தில் தாம்பாளம் தெரியாமல் அடைத்து வைத்தேன்.

துரைசாணி எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பூவாக உருவினார். உருவிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கிளையும் மூன்று பூவும் மிஞ்சின. "இப்போ பாரு" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பூவைப் பிடுங்கிப்போட ஒரு படிப்பா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் மறுநாள் காலை பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றபோது, எதிர்மலையை மஞ்சு மூடியிருந்தது. ஒரே ஒரு சில்வர் ஓக் மரம் மட்டும் வெளியே தெரிந்தது. தினமும் பார்க்கிற மரம். சுற்றிலும் ஒன்றுமில்லாமல் போன அன்றைக்குத்தான் அதன் கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. ஒரு குழந்தை முந்தானையைப் பிடித்து இழுத்து அழுகிற வரை அங்கேயே நின்றிருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

அன்று முதல் துரைசாணியின் பங்களாவுக்கு அவர் ஆள் அனுப்பாமலே போக ஆரம்பித்தேன்.

வராத மழை

அந்த வருடம் கிளப் மலர்க்காட்சிக்கு 'நம்ம மலை' என்று தலைப்பு கொடுத்தார்கள். ஒவ்வொரு எஸ்டேட்டிலிருந்தும் ஒரு அலங்காரம். நான் யோசித்துக்கொண்டு துரைசாணியிடம் போய்ச் சொன்னேன்.

"அம்மா, மழ நம்ம பக்கமே கொட்டித் தீத்துட்டு நின்னுருது. அந்தாண்ட மறையூருக்கு மேகம் மட்டும் போகுது. அதையே வைப்போமா? கீழ காஞ்ச வேரு ஒண்ணு, அதான் மலை. மேல கரும்புப் பூவு, அதான் மேகம். ரெண்டும் தொடக் கூடாது. நடுவுல எடம் விட்டு, அதுல செவப்பா மூணே மூணு கண்வலிப்பூ."

துரைசாணி பென்சிலை எடுத்து நான் சொன்னதைப் படமாகப் போட ஆரம்பித்தார்.

கண்வலிப்பூ என்பது செங்காந்தள்தான். எங்கள் ஆட்கள் அதை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். உற்றுப் பார்த்தால் கண் வலி வரும் என்று பயம். வெல்லம் ஏற்ற மறையூர் போகிற முத்தையாவிடம் கரும்புப் பூவும் வேரும் கண்வலிப்பூவும் வேண்டும் என்று கேட்டபோது, மற்ற இரண்டுக்கும் தலையாட்டியவர் இதற்கு மட்டும் முறைத்தார்.

"ஏ தங்கம், வண்டி ஓட்டுதவன் கண்ணு. வெளையாடாத."

"பாக்காம கொண்டாங்க."

கொண்டுவந்தார். கொடியை ஈரச் சாக்கில் சுற்றி, லாரியின் பின்பக்கக் கதவுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டு, முன்னால் பார்த்தபடியே ஓட்டி வந்திருந்தார். ஆற்றோரம் மணலில் பாதி புதைந்து கிடந்த வேரை மட்டும் பத்திரமாகத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி வந்தார். வெள்ளத்தில் அடிபட்டு, வெயிலில் காய்ந்து, சேறு பூசிய கட்டை. காவல்காரர் பார்த்துவிட்டு அடுப்புக்கா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் இந்த மனுஷர்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பயப்பட வேண்டியதைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத பூவை வெளியே கட்டிவிட்டார். அன்றைக்கு மண்டபத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சீட்டில் இருந்த பேர்

அந்த வருடம் சந்தன மரம் திருட்டுப் போகிறது என்று எங்கும் கெடுபிடி. கையில் ஒரு துண்டு இருந்தாலும் கேஸ். பக்கத்து எஸ்டேட்டில், மாட்டுக்கொட்டகையில் கிடந்த ஒரு கட்டைக்காக ஒருவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடும் போகும். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

துரைசாணியிடம் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அவருக்கு மலைக் குளிரில் எப்போதும் மூக்கடைப்பு. வாசனை எட்டியிருக்காது. சொன்னால் அவர் கணவரிடம் சொல்வார். எஸ்டேட் லாரியில் சந்தனம் வந்தது என்று தெரிந்தால் அந்த மேனேஜர் துரை, முத்தையாவை ரேஞ்சருக்கு முன்னால் தள்ளிவிடுவார். அவருக்குத் தன் எஸ்டேட் பேர் முக்கியம்.

இன்னொன்றும் இருந்தது. அன்று காலையில்தான் நானும் துரைசாணியும் முட்டிக்கொண்டிருந்தோம். மேசைமேல் சொருகியிருந்த சீட்டில் அவர் பேர் மட்டும்தான் இருந்தது.

"அம்மா, சீட்டுல ஒங்க பேரு மட்டும் இருக்கே."

"இது கிளப் மெம்பர்ஸுக்குள்ள நடக்குற போட்டி, தங்கம். டிரைவர் வீட்டுப் பேரைப் போட்டா சேர்த்துக்க மாட்டாங்க."

"பூவ மட்டும் சேத்துக்குவாகளாம்மா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து போனார். சொன்னதற்காக எனக்கு வருத்தம் இல்லை. அது என் அலங்காரம். என் பேர் அங்கே இருக்க வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது வேரை எடுத்துவிடவும் வழியில்லை. கண்வலிப்பூவையும் கரும்புப் பூவையும் பிடித்து நிற்கிற, ஊசிகள் பதித்த முள்தட்டு அந்த வேரின் கவட்டையில்தான் உட்கார வேண்டும். வேர் போனால் எல்லாம் போச்சு. நடுவர்கள் வரும் மணி எப்போது வேண்டுமானாலும் அடிக்கும்.

பூந்தொட்டி ஒன்றிலிருந்து களிமண்ணைத் தோண்டி, சீவிய இடத்தில் வைத்து அழுத்தினேன். அதன்மேல் ஈரப் பாசி. வேரை நிறுத்தி, கரும்புப் பூவை வைத்து, கண்வலிப்பூக்களைச் சொருகினேன். அத்தனை பயத்திலும் அந்த நடு இடத்தை மட்டும் கை தானாகச் சரியாக விட்டது. தரையில் கிடந்த சீவல்களை என்ன செய்வது? பொறுக்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மணி அடித்தது.

ரேஞ்சரின் விரல்

நடுவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஜனம் உள்ளே வர வர மண்டபம் சூடாயிற்று. என் இடுப்பில் இருந்த முடிச்சும் சூடாயிற்று. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் சந்தனம் மணப்பதாக எனக்குத் தோன்றியது. கதவோரம் போய் நின்றேன். ஜன்னல் வழியே பார்த்தால் தொட்டிகளை இறக்கிவிட்டு முத்தையா லாரிக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே ஒரு பச்சை ஜீப் வந்து நின்றது.

ரேஞ்சர் மலையாளி. ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தார். ரோஜாக்களுக்கு ஒரு தலையாட்டல். லில்லிக்கு ஒரு தலையாட்டல். எங்கள் மேசையைத் தாண்டினார். அப்புறம் நின்றார். திரும்பி வந்தார்.

குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு ஒரு விரலை நீட்டிப் பாசியைக் கொஞ்சம் ஒதுக்கினார். அந்த விரலை மீசைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் இடுப்பு முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"இது ஆரு செஞ்சது?" என்றார் தமிழில்.

துரைசாணி முன்னால் வந்தார். சீட்டைப் பார்த்தார். என்னைத் தேடினார். கதவோரம் நின்றவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சீட்டுல என் பேர் இருக்கு சார். ஆனா இது இவ செஞ்சது. தங்கம், எங்க லாரி டிரைவரோட மனைவி. யோசனை, அலங்காரம் எல்லாமே இவதான்."

காலையில் நான் கேட்டது அவரைக் குத்தியிருக்கிறது. அத்தனை மெம்பர்களுக்கு நடுவில், கணவர் முறைக்க முறைக்க, அவர் அதைச் சொன்னார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். அன்றைக்கு, டிரைவர் மனைவி என்றால் அடுத்த கேள்வி முத்தையாவுக்குத்தான்.

"இல்லைங்கய்யா" என்றேன். "அம்மாதான் செஞ்சாங்க. நான் தண்ணி ஊத்திக்கிட்டுக் கூடமாட நின்னேன். எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

துரைசாணி முகத்தில் ஈயாடவில்லை.

ரேஞ்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேரு எவிடந்நு வந்தது?"

"மறையூர் ஆத்துல கிடந்ததாம்" என்றார் துரைசாணி. குரலில் கோபம் இருந்தது, அது என்மேல்தான். "வேணும்னு கேட்டது நான்தான் சார். லாரியில கொண்டுவரச் சொன்னதும் நான்தான்."

"லாரி" என்றார் ரேஞ்சர். ஜன்னல் பக்கம் பார்த்தார். முத்தையா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.  ரேஞ்சர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கக்கியிருப்பேன்.

அவர் கேட்கவில்லை. பாசியை முன்பு இருந்த மாதிரியே விரலால் சரிசெய்தார்.

"காட்சி முடிஞ்சா இந்த வேரு எனக்கு வேணும்."

"தாராளமா எடுத்துக்குங்க சார்" என்றார் துரைசாணி. அழகில் மயங்கிக் கேட்கிறார் என்று நினைத்தார்.

ஒரு கோப்பை

முதல் பரிசு எங்கள் மேசைக்குத்தான். கோப்பையை ரேஞ்சர் கையால் துரைசாணி வாங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு ஒரு வனக்காவலர் வந்து வேரைத் தூக்கினார். கரும்புப் பூ சாய்ந்தது. கண்வலிப்பூக்கள் விரிப்பின்மேல் விழுந்தன. நான் விட்ட அந்த இடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கட்டிய மாலை அறுந்தால் பூவையாவது பொறுக்கலாம். இதில் பொறுக்க ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்தது.

துரைசாணி காரில் ஏறப்போனவர் திரும்பி வந்தார்.

"உன் பேரைத்தானே கேட்டே? சொன்னேனே. எல்லார் முன்னாடியும் என்னைப் பொய்க்காரியாக்கிட்டியே, தங்கம்."

அவர் கார் கிளம்பிப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் ஆள் அனுப்பவில்லை. அடுத்த வருடமே அந்தத் துரைக்கு மாற்றலாகி இருவரும் போய்விட்டார்கள். இன்றுவரை அவருக்கு உண்மை தெரியாது. எங்கே இருக்கிறாரோ, இந்த வாரம் இந்தப் பத்திரிகை அவர் கையில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

பாலம்

லாரி மறையூர்ச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்கால வெயில். எங்கள் எஸ்டேட் முகப்பைத் தாண்டிய பிறகுதான் முத்தையாவிடம் வாயைத் திறந்தேன். தொட்டிகளை ஏற்றியபடியே நேராக வெல்லம் எடுக்கப் போகிறோம், ராத்திரி திரும்பிவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

"அந்த வேரு சந்தனம்ங்க."

அவர் சிரித்தார். "அட போடி. வாசமே இல்ல அதுல."

"சீவிப் பாத்தேன். ரேஞ்சரும் கண்டுபிடிச்சிட்டாரு. அதான் எடுத்துட்டுப் போனாரு."

லாரி மெதுவாயிற்று. அவர் முகத்தில் ரத்தம் இல்லை.  அப்புறம் குரல் கம்மச் சொன்னார்.

"ஏ தங்கம். அங்கன ரெண்டு கெடந்துச்சு. ஒனக்கு எது புடிக்குமோன்னு ரெண்டையும் எடுத்தேன். இன்னொண்ணு ஒன் காலுக்கடியில கெடக்கு. அடுத்த வருசத்துக்கு ஆவும்னு நெனச்சேன்."

காலடியில் கிடந்த சாக்கை விலக்கினேன். முதல் வேரைவிடப் பெரியது. முன்னால் சோதனைச் சாவடி. பின்னால், வளைவுக்கு மேலே, பச்சை ஜீப் இறங்கி வருவது கண்ணாடியில் தெரிந்தது.

"பாலத்துல நிறுத்துங்க" என்றேன்.

"ஏ தங்கம், ஜீப்பு பின்னால வருது."

"நிறுத்துங்க."

பாலத்தின் நடுவில் நிறுத்தினார். வேரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏற்றித் தள்ளினேன். கீழே பாறையில் ஒரு சத்தம், அப்புறம் தண்ணீரில் ஒரு சத்தம். இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சீவல்களையும் உதறினேன். அவை காற்றில் பறந்து, பாதி என் புடவையிலேயே வந்து ஒட்டிக்கொண்டன.

திரும்பினால் ஜீப் லாரிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. ரேஞ்சர் முன்சீட்டில். பின்னால் காவலரின் மடியில் என் முதல் வேர். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. முத்தையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ரேஞ்சர் தலையை வெளியே நீட்டினார்.

"பாலத்து மேல வண்டி நிறுத்தான் பாடில்ல" என்றார். பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாதாம், அவ்வளவுதான்.

ஓரமாக ஒதுங்கி வழி விட்டோம். ஜீப் போய்விட்டது. அவர் அதற்குப் பிறகு எங்களைத் தேடி வரவில்லை. நாங்களும் அவரைப் பார்க்கவில்லை.

அந்தக் கோப்பையில் துரைசாணியின் பேர்தான் பொறித்திருக்கும். பிறகு எத்தனையோ மேடைகள் செய்துவிட்டேன், நன்றாக இருக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஒரு பெரிய மண்டபத்தில் முதல் முதலாக என் பேரைச் சொன்னபோது, அது நான் இல்லை என்று என் வாயாலேயே சொன்னது இன்றைக்கும் வலிக்கிறது.

இவ்வளவு எழுதியாகிவிட்டது. பக்கத்து அறையிலிருந்து முத்தையா, இன்னும் டீ வரலையே என்று இரண்டாம் முறை குரல் கொடுக்கிறார். போட்டுக் கொடுக்கப் போகிறேன்.